சிக்னல் கிடைக்கும் பாறை

மேகமலைக்கு மேலே புல்வெளியும் சதுப்பும் மாறி மாறி வருகின்றன. வழிகாட்டியாக முன்னால் நடக்கும் செல்வி மயிலாடும்பாறைக்காரர். புல் கொத்துகளின் மேல் மட்டும் கால் வைக்கச் சொல்கிறார். நான் ஒருமுறை தவறி, முழங்கால் வரை கறுப்புச் சேற்றில் இறங்கி ஏறுகிறேன்.

புல்வெளி முடியும் இடத்தில் ஒரு பாறை. இங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும் என்று செல்வி போனை எடுக்கிறார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கேரளம். சரிவில் ஏலத்தோட்டமும் தகரக் கூரைகளும் தெரிகின்றன.

"வந்துட்டேன். வெளிய வாங்க."

ஒரு கூரையருகே சிவப்புப் புள்ளி ஒன்று வந்து நின்று கையை அசைக்கிறது.

"எங்க வீட்டுக்காரக, சார். அங்கன ஏலக்காய் எடுக்குற வேலை. பொங்கலுக்கு வந்துட்டுப் போனாக. பஸ்ல சுத்திப் போனா ஒரு பொழுது ஆகும். ரெண்டு பேருக்கும் லீவு ஒத்தே வர்றதில்ல."

பறவை பார்க்கக் கொண்டுவந்த பைனாகுலரைக் கழற்றி அவரிடம் நீட்டுகிறேன். கண்ணில் வைத்தவர் சக்கரத்தை மெல்லத் திருகி, அந்தச் சிவப்புப் புள்ளியைத் தெளிவாக்கிப் பார்க்கிறார்.

"செல்வி, லைன்ல இருக்கியா?" என்று போன் கேட்கிறது.

"இருக்கேன். ஒடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

செல்வி போனைக் கையால் பொத்திக்கொள்கிறார்.

"பொய் சொல்றாக, சார். பாதியா எளச்சுப் போயிருக்காக."

அந்தப் பக்கம் அவர், தன் முகம் இங்கே தெரிவதை அறியாமல், கையை அசைத்துக்கொண்டே இருக்கிறார்.