நிலை: எளிது

ஒரு பாதை எளிதானது என்று சொல்ல, ஒருவர் அதில் எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும்? பலகைக்காரரின் வாழ்க்கை ஏறக்குறைய இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டது. அவரைத் தவிர வேறு யாருக்கும் அது கேள்வியாகப் படாததால் பத்தொன்பது வருடம் பிரச்சினை இல்லாமல் ஓடியது.

பலகைக்காரர் என்பது அலுவலகம் வைத்த பெயர். நகராட்சியின் பாதைகள் பிரிவில் அவருடைய வேலை, சைக்கிள் பாதைகளை அளந்து தரம் பிரிப்பது. எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று தரங்கள். அவர் படிவத்தில் எழுதுவதைப் பெயிண்டர் அப்படியே பலகையில் எழுதுவார். ஒரு எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ பெயிண்டருக்கு உரிமை இல்லை. நகரத்தின் நடுவே ஆற்றை ஒட்டிப் போகும் ஏழு கிலோமீட்டர் பாதைக்கு நான்கு பலகைகள். நான்கிலும் 'நிலை: எளிது' என்று இருக்கும். வருடம் ஒருமுறை புதுப் படிவம், புதுக் கையெழுத்து.

வேலையில் குறை சொல்ல முடியாது. கம்பின் நுனியில் ஒற்றைச் சக்கரம் மாட்டிய அளவைக் கருவியைத் தள்ளிக்கொண்டு ஏழு கிலோமீட்டரும் நடப்பார். அங்கங்கே குனிந்து ரசமட்டத்தைத் தரையில் வைத்து, குமிழி எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பார். இரண்டாவது பாலத்துக்கு அடியில் எத்தனை பள்ளம், எந்த மரத்தின் வேர் இந்த வருடம் தாரைத் தூக்கியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். சிக்கல் படிவத்தின் கடைசி வரியில் இருந்தது. 'மேற்படி பாதையில் நானே சைக்கிள் ஓட்டிப் பார்த்து இந்தத் தரத்தை உறுதி செய்கிறேன்.' அதற்குக் கீழே கையெழுத்து.

பலகைக்காரருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

கற்றுக்கொள்ளாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பத்து வயதில் தெரியாது என்று சொல்லலாம், யாராவது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். முப்பத்தெட்டு வயதில், அதுவும் சைக்கிள் பாதைக்குச் சான்று கொடுக்கும் வேலையில் சேர்ந்த பிறகு, சொல்ல முடியாது. முதல் படிவத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு அவர் தயங்கியபோது அப்போதைய மூத்த குமாஸ்தா தலையைத் தூக்காமலே சொன்னார்: "போடுய்யா. பாதை எங்கயும் ஓடிப்போயிடாது." போட்டார். பாதை ஓடிப்போகவில்லை. அடுத்த வருடமும் போட்டார். முதல் பொய்க்குத்தான் கை நடுங்கும். அதற்குப் பிறகு வருவது வெறும் கையெழுத்துப் பயிற்சி.

ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது புது மேலாளர் வந்தார். உற்சாகமானவர். அலுவலகங்களில் உற்சாகம் என்பது கடைசியில் ஊழியர்களின் ஞாயிற்றுக்கிழமையில் போய் முடியும்.

"சார், பாதைக்கு இருபதாவது வருஷம். பெரிய சவாரி ஒண்ணு வைக்கப் போறோம். நீங்கதான் முன்னாடி போறீங்க. ஃபைலை எடுத்துப் பாத்தேன், பத்தொன்பது தடவை ஓட்டிப் பாத்திருக்கீங்க. இந்தப் பாதை உங்களை விட யாருக்குத் தெரியும்?"

"தெரியும் மேடம்," என்றார். அதில் பொய் இல்லை.

"முடிஞ்சதும் அங்கயே வச்சு இந்த வருஷப் படிவத்துல கையெழுத்துப் போடுறீங்க. போட்டோ எடுத்துடலாம்."

சவாரிக்கு இருபத்து நான்கு நாள் இருந்தது. ஓட்ட முடியாது என்று சொன்னால் ஃபைலில் இருப்பவை பத்தொன்பது பொய்ச் சான்றுகள். வீட்டுக்கு அனுப்ப அதில் ஒன்றே போதும்.

அன்று மாலை, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அவருக்கு ஓட்டத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். ஓட்டியதாகக் கையெழுத்துப் போட்டது தெரியாது.

"ஏங்க, நான் தினமும் அந்த வழியாத்தான் சைக்கிள்ல போறேன். போகாத ஆளா அதுக்கு சர்டிபிகேட் குடுத்தீங்க?"

"போகாம என்ன? நடந்தேன்ல."

"நடந்தா அது நடைபாதை."

"ரசமட்டம் வச்சுப் பாத்தேன். மேடே கிடையாது அங்க."

"ரசமட்டமா பெடல் மிதிக்கப் போவுது?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு அஞ்சரைக்கு எந்திரிங்க. என் சைக்கிள்தான். கூடையெல்லாம் கழட்ட மாட்டேன்."

முதல் பாலத்துக்கு முன்னால் ஒரு மேடு இருந்தது. படிவத்தில் 'ஏற்றம்: இல்லை' என்று அவரே பத்தொன்பது முறை எழுதிய இடம். ரசமட்டத்தின் குமிழி கடுகளவு நகரும் இடத்தில் மனிதனுக்கு மூச்சு வாங்கும் என்பது அவருக்குப் புதுச் செய்தி. நான்காம் நாள் அந்த மேட்டில் சாய்ந்தபோது கைக்கு அகப்பட்டது பலகையின் கம்பம். முழங்காலில் ரத்தம். தலைக்கு மேலே அவருடைய வார்த்தை.

கைகளை அகல வீசியபடி வந்த நடைப்பயிற்சிக்காரர் ஒருவர் நின்றார். "பயப்படாதீங்க சார். பலகையைப் பாருங்க, எளிதுன்னு போட்டிருக்கான்."

பின்னால் சைக்கிளைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த மனைவி சொன்னாள்: "விவரம் தெரிஞ்ச ஆளாத்தான் எழுதியிருப்பாங்க, இல்லீங்களா?"

"பின்ன? ஓட்டிப் பாக்காம எழுதுவாங்களா?" என்று சொல்லிவிட்டு அவர் கையை வீசிக்கொண்டு போனார்.

"நீ எப்படித்தான் விழாம போறே?" என்று பலகைக்காரர் ஒரு நாள் கேட்டார். அவள் நெடுநேரம் யோசித்தாள். "தெரியலீங்க. விழுந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

இருபத்து மூன்றாம் நாள் அவரால் நேராகப் போக முடிந்தது. தலையைத் திருப்ப முடியாது. மணி அடிக்க முடியாது. கிளம்ப யாராவது தள்ள வேண்டும். நிற்க எதையாவது பிடிக்க வேண்டும்.

ஞாயிறு காலை அறுபது பேர் கூடியிருந்தார்கள். பாதிப்பேர் இறுக்கமான உடையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு சைக்கிள் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். மனைவி சீட்டைச் சரிசெய்வது போலக் குனிந்து ஒரு தள்ளுத் தள்ளினாள். பலகைக்காரர் புறப்பட்டார்.

முன்னால் போகிறவரை யாரும் முந்தக் கூடாது என்பது மேலாளரின் உத்தரவு. அதனால் அறுபது பேரும் நடப்பவனை விடக் கொஞ்சம் மெதுவாகப் போனார்கள். அந்த வேகத்தில் சைக்கிளை நிறுத்தாமல் ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. சங்கத்தில் மூன்று பேர் காலை ஊன்றினார்கள். ஒருவர் புல்லில் விழுந்தார். "இந்த நிதானம் வரணும்னா முப்பது வருஷம் ஓட்டியிருக்கணும்," என்று ஒரு பல் டாக்டர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். பாலத்தடியில் பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்காமலே பலகைக்காரர் விலகிப் போனதைக் கண்டு பின்னால் வந்தவர்கள் சிலிர்த்தார்கள். அந்த ஒன்று மட்டும் உண்மையான தேர்ச்சி. அதை அவர் நடந்து சம்பாதித்திருந்தார்.

ஏழு கிலோமீட்டருக்கு இரண்டே கால் மணி நேரம். முடிவில் ஒரு விளக்குக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து நின்றார். பக்கத்துச் சாலை வழியாகக் காரில் வந்து காத்திருந்த மேலாளர் நெகிழ்ந்துபோனார். "பாதையையே கட்டிப்பிடிக்கிற மாதிரி இருக்கு சார். அப்படியே நில்லுங்க."

படிவத்தை நீட்டினார்கள். அவர் முழுதாகப் படித்தார். இருபது வருடத்தில் முதல்முறையாகக் கடைசி வரி உண்மை. கையெழுத்துப் போட்டார். கை நடுங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். கேமரா கையெழுத்தைப் பார்த்தது, மேலாளர் கேமராவைப் பார்த்தார், படிவத்தை யாரும் பார்க்கவில்லை. அது பெயிண்டருக்குப் போனது.

மூன்று வாரத்தில் புதுப் பலகைகள் வந்தன. 'ஆற்றங்கரைப் பாதை. தூரம்: 7 கி.மீ. நிலை:' அதற்கு எதிரே சுத்தமான வெள்ளை. நான்கு பலகையிலும்.

பெயிண்டரைக் கூப்பிட்டார்கள். "தாள்ல இருந்ததை எழுதினேன். இல்லாததை எங்கேர்ந்து எழுதுறது?" என்றார். மேலாளர் படிவத்தோடு பலகைக்காரரின் மேசைக்கு வந்தார்.

"சார், ஒண்ணு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல மேடம்."

"பத்தொன்பது வருஷமா எழுதின அதே வார்த்தைதானே? பாதை மாறிடுச்சா?"

"இல்ல மேடம்."

"அப்போ இத்தனை வருஷம் ஓட்டினப்போ எப்படி எழுதினீங்க?"

அவர் மேலாளரை நிமிர்ந்து பார்த்தார். மேலாளருக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. விளக்குக் கம்பப் படம் அதற்குள் ஆண்டறிக்கையின் அட்டைக்குப் போயிருந்தது. தானே அந்த 'நிலை' கட்டத்தை நிரப்பலாம் என்றால், கடைசி வரி இடித்தது. அன்று அவர் வந்தது காரில்.

படிவம் மூன்று முறை பலகைக்காரரிடம் திரும்பி வந்தது. மூன்று முறையும் கட்டத்தைத் தொடாமல் அனுப்பினார். வெற்றிடத்தில் யாரோ சாக்பீஸால் 'சுமார்' என்று எழுதினார்கள், மழை அழித்தது. நடைப்பயிற்சிக்காரர் பெயிண்ட் தீர்ந்துவிட்டது என்று முடிவு செய்தார்.

"கடினம்னு எழுத மனசு வரலையா?" என்று மனைவி கேட்டாள்.

"அதில்ல."

"அப்போ எளிதுன்னே எழுதியிருக்கலாமே?"

"அதுவும் இல்ல. ஒரு தடவைதானே முழுசாப் போயிருக்கேன்," என்றார்.

ஓய்வு பெற்ற அன்று அளவைச் சக்கரத்தையும் ரசமட்டத்தையும் ஒப்படைத்தார். படிவம் நான்காவது முறையாக மேசையில் இருந்தது. அதை வாசித்து, ஒரு தூசியைத் தட்டிவிட்டு, கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.