நேஷனல் பர்மிட் நடைவண்டி

என் மகள் ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். வேண்டியதைக் கை நீட்டிக் காட்டுவாள். நாங்கள் ஓடிப்போய் எடுத்துக் கொடுப்போம். இத்தனை வேலைக்காரர்கள் இருக்கும்போது எந்த மகாராணி எழுந்து நடப்பாள்?

விளையாட்டாகச் சொல்கிறேனே தவிர, அப்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. எழுபதுகளின் கடைசி அது. தெருவுக்கு ஒரு குழந்தையாவது இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிக் கிடந்த காலம். டாக்டர் அவள் காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்கு, நடக்கும் போங்க" என்றார். நம்பினேன். ஆனால் சாயங்காலம் ஆனதும் நம்பிக்கை போய்விடும். கையில் வெல்லக்கட்டியை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, "வா சாமி, எந்திரிச்சு அம்மாகிட்ட வா சாமி" என்று கெஞ்சுவேன். அவள் தவழ்ந்து வந்து, வெல்லத்தை வாங்கிக்கொண்டு, தவழ்ந்தே திரும்பிப் போய்விடுவாள். அவள் ஒரே ஒருமுறை தன் காலால் நடந்து என் கைக்குள் வந்து விழுந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தது.

எதிர்வீட்டு அக்கா ஐம்பது கோழி வளர்த்து முட்டை விற்றுக்கொண்டிருந்தார். அவர் பையன் என் மகளைவிட இளையவன். பத்து மாதத்திலேயே நடந்து, எங்கள் வீட்டுக்குள் வந்து செம்பைத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குத் தேறியிருந்தான். அந்த அக்கா தினமும் கேட்பார்.

"ஏஞ்சாமி, இன்னுமா நடக்குல?"

"இல்லீங்க்கா."

"மண்ணுல குழி தோண்டி, இடுப்பளவுக்கு நிறுத்தி வெய்யி. கால் தன்னால ஊனும்."

அதையும் செய்தோம். குழிக்குள் நின்ற மகாராணி சுற்றிலும் பார்த்தாள். கைக்கெட்டிய தூரத்தில் இருந்த மண்ணையெல்லாம் தின்றாள். நாங்கள் தூக்கியபோது இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று அழுதாள்.

கடைசியில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "ஏனுங்க, சந்தையில நடவண்டி விக்கறாங்களாமா. ஒண்ணு வாங்கியாங்களே."

தச்சர்கள் செய்து விற்கும் மூன்று சக்கர நடைவண்டியைத்தான் சொன்னேன். குழந்தை கட்டையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடை பழகும். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. காரணம், அவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் தலைமைத் தச்சர்.

"நான் பாடி கட்டுன வண்டி கல்கத்தா போவுது, காஷ்மீர் போவுது. என்ற புள்ளைக்கு சந்தையில வாங்குன வண்டியா? ஊர்ல நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

அன்றோடு எனக்குக் கணவர் இல்லாமல் போனார். பட்டறையே கதி என்று கிடந்தார். கேட்டால், "மரம் காயோணும்" என்பார். பிறகு, "பெயிண்டுக்கு முன்னால பட்டி அடிக்கோணும்" என்பார். பட்டறையில் இருந்த ஆசாரி, வெல்டர், பெயிண்டர் எல்லோரும் என் மகளின் நடையில் அக்கறை கொண்டார்கள். வண்டியில் லோடு எத்தனை டன் என்று எழுதுவது என்பதில் அவர்களுக்குள் தகராறுகூட வந்ததாம். பெயிண்டர் ஒருநாள் வீட்டுக்கே வந்து என்னிடம் பணிவாகக் கேட்டார்.

"அக்கா, ஸ்டேட் பர்மிட்டுன்னு எழுதறதுங்களா, நேஷனல் பர்மிட்டுங்களா?"

"குழந்தை சமையக்கட்டுல இருந்து வாசலுக்குப் போனாப் போதுங்க."

"அப்ப நேஷனலே எழுதிப்போடறனுங்க. பின்னால மாத்தறது சிரமம்."

வண்டி வந்தது. இரண்டு பேர் தூக்கிவந்து இறக்கினார்கள். தேக்கு மரம், சுற்றிலும் இரும்புப் பட்டை, திறந்து மூடும் பின்கதவு, மட்கார்டு, அழுத்தினால் கத்தும் ரப்பர் ஹார்ன். முன்னால் 'முருகன் துணை', பக்கத்தில் இரண்டு கிளி, பின்னால் 'ஒலி எழுப்பவும்'. திருஷ்டிக்கு ஒரு குட்டிச் செருப்பு. எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து, பட்டறை ஆட்கள் புடைசூழ அவளைக் கொண்டுபோய், சமதரையில் நின்ற வண்டிக்குப் பின்னால் நிறுத்தினோம்.

அவள் தள்ளினாள். வண்டி அசையவில்லை. நான் தள்ளினேன். எனக்கே மூச்சு வாங்கியது. மகாராணி வண்டியை ஏற இறங்கப் பார்த்தாள். பின்கதவு திறந்திருப்பதைக் கண்டாள். உள்ளே தவழ்ந்து போய் உட்கார்ந்துகொண்டாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இதுவரைக்கும் தவழவாவது செய்தாள். இப்போது அதுவும் நின்றது. அவள் அப்பா பட்டறையிலிருந்து வந்ததும் கயிறு கட்டி இழுப்பார். பகலில் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து முறை வைத்து இழுத்தார்கள். இழுக்கும்போது "ரைட்", நிறுத்தும்போது "ஓல்டான்" என்று லாரிக் கிளீனர் மாதிரி கத்துவார்கள். ஒருநாள் மகாராணியே வாயைத் திறந்து, கணீரென்று, "ஓல்டான்!" என்றாள். அதுதான் அவள் பேசிய முதல் சொல். அதற்கு மறுநாள் "ரைட்" வந்தது. அம்மா என்ற சொல்லை இன்னும் காணோம்.

பட்டறையில் மிட்டாய் கொடுத்துக் கொண்டாடினார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ரசத்துக்கு உப்புப் போடவில்லை.

"நடக்கறதுக்கு வண்டி கேட்டா, ஒக்காந்து போறதுக்கு வண்டி செஞ்சிருக்கறீங்களே" என்றேன்.

அவர் ரசத்தைக் குடித்தபடி, "ஆனா பாடி எப்படி நிக்குது பாத்தயா புள்ள?" என்றார்.

பாடி நின்றது உண்மைதான். நிற்காதது வண்டி. எங்கள் தெரு குளத்தைப் பார்த்துச் சரிந்து இறங்கும். வாசலில் வண்டியை விட்டால் மெல்ல நகரும். "பிரேக் வெக்குலீங்களா?" என்று கேட்டதற்கு, விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். பட்டறைக்கு வருவது என்ஜினும் சக்கரமும் உள்ள வெறும் சேசிஸ். மேலே பாடி கட்டுவது மட்டும்தான் அவர்கள் தொழில். "பிரேக்கு சேசிஸ்லயே வந்துரும். அது நம்ம வேலை இல்ல" என்றார். சேசிஸ் எங்கிருந்தும் வராத வண்டிக்கு யார் பிரேக் வைப்பது என்று பட்டறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தோம்.

அந்தக் கல்லை எதிர்வீட்டுப் பையன் எடுத்தான். செம்பு அலுத்துப்போயிருக்க வேண்டும்.

காலைச் சோறு ஊட்டுவதற்காக நான் மகளை வண்டியிலிருந்து இறக்கி வாசலில் உட்கார வைத்திருந்தேன். வண்டி காலியாக, தன்னால் கிளம்பியது. முதலில் மெதுவாக, பிறகு முருகன் துணையோடு வேகமாக.

"ஓல்டான்!" என்றாள் அவள். வண்டி நிற்கவில்லை. "ஓல்டான்! ஓல்டான்!" அதுவரை அவள் சொன்னால் நிற்காத வண்டியே கிடையாது. அவளுக்கு வந்த கோபத்தை நான் பார்த்தேன். இரண்டு கையையும் தரையில் ஊன்றினாள், எழுந்தாள், நடந்தாள். கைப்பிடி இல்லை, சுவர் இல்லை. வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆடி ஆடி, வண்டியைத் திட்டிக்கொண்டே தெருவில் இறங்கிப் போனாள். சோற்றுக் கிண்ணம் என் கையிலிருந்து விழுந்தது.

சரிவுக்குக் கீழே, தெருமுனையில், எதிர்வீட்டு அக்கா சைக்கிளில் ஏற்றி அனுப்புவதற்காக முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நேஷனல் பர்மிட் நேராக அதில் போய் நின்றது.

"ஐயோ என்ற முட்டை!" என்று அலறியவர், நிமிர்ந்து பார்த்து, "ஐயோ, நடக்குது சாமி!" என்று அதே மூச்சில் இன்னும் பெரிதாக அலறினார்.

நான் அழுதேன். சிரித்தேன் என்றும் சொல்லலாம், இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. ஆனால் ஒரு வருத்தம் சுருக்கென்று தைத்தது. மாதக்கணக்கில் வெல்லக்கட்டியோடு கெஞ்சிய என்னிடம் வராதவள், முதல் நடையிலேயே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாள். "வா சாமி" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. "அம்மாகிட்ட வா சாமி!" அதற்கும் ஒன்றுமில்லை. நான் தெருவில் மண்டி போட்டு உட்கார்ந்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஓல்டான்!"

சட்டென்று நின்றாள். ஆடியபடியே திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் இரண்டு கையையும் விரித்து, "ரைட்" என்றேன். "ரைட், ரைட்."

வந்தாள்.