ஒன்றரைச் சுற்று

அப்பாவின் பைக் மாடிப்படிக்குக் கீழே பல வருடம் ஓடாமல் நின்றது. கீழ்வீட்டில் நான், மாடியில் தம்பி. வண்டி இருவருக்கும் பொது என்று அம்மா சொல்லிவிட்டுப் போனார். அதனால் யாரும் அதைப் பழுது பார்க்கவில்லை. தம்பி மட்டும் அதன் சீட்டில் ஈரக் கோணியைக் காயப்போடுவான்.

போன வருடம் நான் கார்புரேட்டரைக் கழற்றினேன். ராயபுரத்து உப்புக்காற்றில் உள்ளே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பெட்ரோல் போகும் ஜெட்டின் துளையைக் கம்பியால் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். வாயில் வைத்து ஊதினேன். தம்பி படியில் நின்று பார்த்தான்.

“இன்னா அண்ணாத்தே, பீப்பீ ஊதிகினு கீறே? யாருக்குக் கல்யாணம்?”

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, கிக்கரை உதைத்ததும் இன்ஜின் பிடித்தது. ஆனால் ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்தால் அணைந்துவிடும். ஸ்லோ பிடிக்கவில்லை என்பார்கள் மெக்கானிக்குகள். வீடியோவில் சொன்னபடி, பெட்ரோல் கூடட்டும் என்று கார்புரேட்டரில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். டப் டப்பென்று வெடித்தது. இன்னும் தளர்த்தினேன். பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஒரு மாதம் இப்படியே போனது. தம்பி தினமும் படிக்கு வந்து, பழைய இரும்புக்காரனைக் கூப்பிடட்டுமா என்று கேட்பான்.

பிறகுதான் கவனித்தேன். வீடியோவில் அந்த ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தது. அதைத் தளர்த்தினால் பெட்ரோல் கூடும். எங்கள் வண்டியில் ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கிறது. தளர்த்தினால் காற்றுதான் கூடும். முழுக்க இறுக்கிவிட்டு ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்தினேன். ஸ்லோ பிடித்தது.

சத்தம் கேட்டுத் தம்பி இறங்கி வந்தான். கிண்டல் செய்யாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேலே போனான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தால், அடையாறிலிருந்து வந்த ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி விலை பேசி முடித்திருந்தான். வண்டி ஓடுவதைக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. என்னைக் கேட்காமல் எப்படி விற்பாய் என்றேன்.

“பாதி என்னுது. என் பாதிய நான் விக்கறேன். உன் பாதிய நீ தள்ளிகினு போ.”

வந்தவர் சிரித்தார். தம்பி உதைத்தான். குளிர்ந்த இன்ஜின், சோக்கைச் சீக்கிரம் எடுத்துவிட்டான், அணைந்தது. கொஞ்சம் சூடாக விட்டிருந்தால் போதும். அவனோ ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தினான். ஒரு மாதம் நான் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. நான் திருத்திக்கொண்டதை அவன் பார்க்கவில்லை. வண்டி வெடித்து அணைந்தது. மேலும் தளர்த்தினான். நான் தூணில் சாய்ந்து நின்றேன். அவன் சட்டை முதுகோடு ஒட்டும் வரை உதைத்தான். வந்தவர், இன்ஜினில் பெரிய வேலை இருக்கும் போலிருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

தம்பி என்னையே பார்த்தான். “உனக்குத் தெரியும். சொல்லிருக்கலாம்ல?”

“உன் பாதியத்தானே திருப்பினே.”

மதியம் அவன் சாப்பிட்டுப் படுத்த பிறகு, ஸ்க்ரூவை இறுக்கி ஒன்றரைச் சுற்று தளர்த்தி, வண்டியை அவன் ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தி ஸ்டார்ட் செய்தேன். கையை எடுத்தேன். அணையவில்லை. மேலே ஜன்னலை அடித்துச் சாத்தினான். இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டேன்.