ஓசூர்த் தாழ்ப்பாளும் சிவப்பு ஸ்வெட்டரும்

ஓசூருக்கு வந்த முதல் மார்கழியில் என் வாடகை அறைக் கதவு என்னை அடித்தது. ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்துபோய் இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டதும் விரல் நுனியில் சுரீரென்றது. கரண்ட் கசிகிறது என்று பயந்து, வீட்டுக்காரர் நூர்ஜகான் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் தாழ்ப்பாளைச் சாவகாசமாகப் பிடித்துப் பார்த்தார். "ஒண்ணுமில்லம்மா, பனிக்காலத்துல இங்க அப்படித்தான்" என்றார். எங்கள் நாகப்பட்டினத்தில் உப்புக்காற்று பட்டுத் தாழ்ப்பாள் துருப்பிடிக்கும், அவ்வளவுதான். ஆளை அடித்து நான் பார்த்ததில்லை.

நான் கிளம்பும்போது அம்மா ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கித் தந்தாள். தன் வாழ்நாளில் ஸ்வெட்டரே போட்டறியாதவள், கடைக்காரர் 'சுத்தமான கம்பளி' என்று சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். தொழிற்சாலையில் எனக்கு சர்க்யூட் போர்டுகளில் பொடிப்பொடிப் பாகங்களைப் பொருத்தும் வேலை. கம்பெனி கோட்டுக்குள் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வேன். குளிரில் கை விறைக்காமல் இருக்க, அதன் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொள்வேன். ஏ.சி.யும் சேர்ந்துகொண்டால் அந்த ஊர்க் குளிரைக் கேட்கவே வேண்டாம்.

ஆறு மாத ஒப்பந்தம் முடிய மூன்று வாரம் இருந்தது. அப்போது பார்த்து, என் மேசையிலிருந்து போன போர்டுகள் ஒவ்வொன்றாகச் செத்துத் திரும்பி வந்தன. மேலே ஒரு கீறல்கூட இல்லை. ஒப்பந்தம் நீளாவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். வீட்டில் அத்தனை பேரோடும் சண்டை போட்டு வந்த வேலை இது. எந்த முகத்தோடு திரும்பிப்போவது?

எங்கள் லைன் லீடர் மஞ்சுளா வீட்டில் தெலுங்கு பேசுவார், லைனில் கன்னடம், என்னிடம் தமிழ். ஒருநாள் எல்லோரும் பார்க்க என் முன்னால் வந்து நின்றார்.

"கோட்டத் தெற. உள்ள என்னா போட்டிருக்க, காட்டு."

என்னைச் சோதனை போடுகிறார் என்று நினைத்துவிட்டேன். "நான் எதையும் திருடல" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் திகைத்துப்போனார். கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சிவப்புக் கையைத் தொட்டுக் காட்டினார். "அய்யோ, யாரும்மா திருடுனன்னு சொன்னது? இந்த ஸ்வெட்டரத்தான் கேக்கறேன். காஞ்ச குளிர்ல இது உரச உரச ஏர்ற கரண்ட்டு போர்டக் கொல்லுது. இனிமே இது வேணாம்."

அன்று சாயங்காலம் ஸ்வெட்டரை நூர்ஜகான் அக்காவிடம் காட்டினேன். அவர் கணவருக்குப் பர்கூரில் துணிக்கடை. அக்கா ஓரத்தில் ஒரு நூலை உருவி, தீக்குச்சி கிழித்துக் காட்டினார். "கம்பளின்னா முடி கருகுற வாசன வரும். மோந்து பாரு." பிளாஸ்டிக் கருகிய நெடி மூக்கில் ஏறியது. நூல் உருகிச் சுருண்டு கறுப்புக் குண்டுமணியாக இறுகியது. "நூலா இழுத்த பிளாஸ்டிக்கும்மா இது" என்றார். கடைக்காரர்மேல் கோபம் வந்தது. அம்மாவிடம் இதைச் சொல்லவே கூடாது என்று முடிவு செய்தேன்.

பிறகு எனக்கு இதுவே பைத்தியமாகிவிட்டது. துவைக்கிற துணியிலெல்லாம் ஒரு நூல் உருவினேன். பழைய நைட்டி காகிதம்போல எரிந்து சாம்பலானது, அது அசல் பருத்தி. காட்டன் என்று வாங்கிய சுடிதார் பாதி சாம்பல், பாதி உருகல். பருத்தி ஈரத்தைக் குடிக்குமாம், அதனால் கரண்ட் அதில் தங்காதாம், மஞ்சுளாதான் சொன்னார். அறைத் தாழ்ப்பாளில் என்னை அடித்ததும் ஸ்வெட்டரில் ஏறிய இந்தக் கரண்ட்தான் என்று அப்போது புரிந்தது. கடலோரத்தில் காற்றே ஈரம். அங்கே எந்தத் துணி போட்டால்தான் என்ன? மஞ்சுளா ஸ்வெட்டர் வேண்டாமென்ற மறுநாள் முதல் இரண்டு பருத்திச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு நடுங்கிக்கொண்டே வேலை செய்தேன். அதன்பின் ஒரு போர்டும் திரும்பவில்லை. ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பையைத் திறந்ததும் அம்மா ஸ்வெட்டரைத்தான் தேடி எடுத்தாள்.

"கம்பளி கதகதன்னு இருந்துச்சாடி?"

"இருந்துச்சும்மா."

அவள் பார்க்கவேண்டுமென்று, வியர்க்க வியர்க்க அதைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறக்கப் போனேன். தாழ்ப்பாள் அருகே போன கை, தொடாமலே வெடுக்கென்று பின்வாங்கியது.

"ஏண்டி, நம்ம வீட்டுக் கதவத் தொட என்ன பயம்?" என்றாள் அம்மா.

தாழ்ப்பாளைப் பிடித்தேன். துரு உள்ளங்கையில் ஒட்டியது. ஒன்றுமே அடிக்கவில்லை. விரல் மட்டும் இன்னும் அந்தச் சுரீருக்காகக் காத்திருந்தது.