லூர்துராணி சாகக் கிடந்த வருஷங்கள்

பாலக்கரை லூர்துராணிக்கு முதல் தடவை அவஸ்தைப்பூசுதல் கொடுத்தது ஐம்பத்தாறாம் வருஷம், சித்திரை வெயிலில். சாகப்போகிறவர்களுக்குச் சாமியார் வந்து தைலம் பூசிச் செபிக்கிற கடைசிச் சடங்கு அது. அவளுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. ஒரு கண் இருட்டிவிட்டது, இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது, நாக்குக் குழறியது. நல்மரண சபைப் பெண்கள் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தச் சபைக்கு இருந்தது ஒரே வேலை. சாகக் கிடக்கிற உறுப்பினரைத் தனியாக விடக் கூடாது. இரண்டிரண்டு பேராக முறை வைத்து, மந்திரித்த மெழுகுவர்த்தி கொளுத்தி, ஜெபமாலை சொல்லி, உயிர் பிரியும்வரை கூடவே இருக்க வேண்டும். தலைவி அடைக்கலம் இதில் மகா கண்டிப்பு. முறைக்கு வராதவளின் வாசலில் போய் நின்றால், அவளைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் நகர்வாள்.

சில நாள் கழித்து லூர்துராணி கண்ணைத் திறந்து காப்பி கேட்டாள்.

"காப்பியா?" என்றாள் அடைக்கலம். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. கல்லறைத் தோட்டத்துக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது.

எழுந்து நடமாடினாளே தவிர, பழைய நடை திரும்பவில்லை. காலையில் சுவரைப் பிடிக்காமல் நடப்பாள். உச்சிவெயிலில் அடுப்படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிடுவாள். பொழுது சாய்ந்து காற்று வந்தால் மறுபடி நடப்பாள். அடுத்த வீட்டில் இருந்த நாத்தனார் பேட்ரிசியாவுக்கு இது போதாதா?

"சமைக்கிற நேரத்துக்கு வராத காலு, சாயங்காலம் கோயிலுக்கு மட்டும் எப்படி வருதாம்?" என்பாள், தெருவுக்கே கேட்கும்படி.

புருஷன் பிலோமின்ராஜ் ரயில்வேயில் குமாஸ்தா. நல்ல மனுஷன்தான்; யார் எதைச் சொன்னாலும் நம்புவார். வாதம் என்றார்கள், தைலம் வாங்கினார். ஏவல் என்றார்கள், மந்திரித்த கயிறு வாங்கினார். கடைசியில் யாரோ சொல்லி, பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் டாக்டர் சடகோபனிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு, "வெந்நீர்ல குளிச்சா எப்படி இருக்கும்மா?" என்று கேட்டார்.

இதுவரை எந்த வைத்தியரும் கேட்காத கேள்வி. லூர்துராணி புருஷனை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "எந்திரிக்க முடியாதுங்க. கால் நனைஞ்ச துணியாட்டம் கிடக்கும், கண்ணு மங்கிப்போகும். பச்சத்தண்ணிய ஊத்திக்கிட்டா தெளிஞ்சிரும். சொன்னா சிரிக்கிறாங்கன்னு சொல்றதில்ல."

டாக்டர் சிரிக்கவில்லை. "இதுக்கு மல்டிபிள் ஸ்கிலரோசிஸ்னு பேரும்மா. ஒயர் மேல ரப்பர் சுத்தியிருக்கே, அந்த மாதிரி நரம்பு மேலயும் ஒரு உறை உண்டு. அது அங்கங்கே கெட்டுப்போறது. வரும், அடங்கும், திரும்ப வரும். உஷ்ணம் ஆகாது. நம்ம தேசத்துல அபூர்வம்னு புஸ்தகத்துல போட்டிருக்கா. பாக்கத் தெரியாததனால அபூர்வமோ என்னமோ."

"மருந்து இருக்குங்களா?" என்றாள் லூர்துராணி.

"வெளிதேசத்துல ஆராய்ச்சி பண்ணிண்டிருக்கா. இன்னும் அகப்படலை. அகப்பட்டா நானே ஆள் அனுப்பறேன்."

மருந்து இல்லை என்று கேட்டுவிட்டு வந்தவள் அழவில்லை. பஸ்ஸில் அந்தப் பேரைப் புருஷனிடம் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள். வீட்டில் நுழையுமுன் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"பேட்ரிசியா, என் சீக்குக்குப் பேரு இருக்கு. மல்டிபிள் ஸ்கிலரோசிஸ். இனிமே நான் நடிக்கிறேன்னு சொல்லணும்னா, மொதல்ல இந்தப் பேரைத் திக்காம சொல்லிட்டு, அப்புறம் சொல்லு."

பேட்ரிசியா முயன்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பின் லூர்துராணி காலால் மிதிக்கிற தையல்மெஷினை விற்றுக் கைமெஷின் வாங்கினாள். வெயில் காலத்தில் கழுத்தில் ஈரத்துண்டு, கால் ரெண்டும் தண்ணீர்த் தொட்டியில். அந்தக் கோலத்தில் உட்கார்ந்து, வலது கையால் சக்கரத்தைச் சுற்றி, முதல் தடவை நற்கருணை வாங்கப்போகும் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைத்தாள். இடையில் இன்னும் இரண்டு தடவை படுத்தாள், எழுந்தாள். ஒவ்வொரு தடவையும் நடை கொஞ்சம் குறைந்தது. கவுன் குறையவில்லை.

அறுபத்திரண்டில் இடது மார்பில் ஒரு கட்டி. சடகோபன் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "புற்றுநோய்னு நினைக்கிறேன். மெட்ராஸ்ல இதுக்குன்னே ஆஸ்பத்திரி இருக்கு. ஆபரேஷன் பண்ணி, அப்புறம் கட்டி திரும்ப வராம எக்ஸ்ரே மாதிரி கரண்ட் வைப்பா. சீக்கிரம் போனா பிழைக்க வழியுண்டு. ஆனா உன்னால தனியா நடமாட முடியாது. கூட ஒரு பொம்மனாட்டி இருந்தாகணும். ரெண்டு மூணு மாசம் ஆனாலும் ஆகும்."

அந்தப் பொம்மனாட்டிதான் கிடைக்கவில்லை. லூர்துராணிக்குப் பிள்ளையில்லை, கூடப்பிறந்தவளும் இல்லை.

"இந்த ஒடம்புக்கு இன்னும் வைத்தியமா?" என்றாள் பேட்ரிசியா. "பாதி உசுருதான் இருக்கு. அதையும் எதுக்கு அறுத்துக்கிட்டு?"

பிலோமின்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு, "கஷ்டப்படாம போறது ஒருவேளை நல்லதோன்னு..." என்று இழுத்தார்.

"யாருக்கு?" என்றாள் லூர்துராணி.

அவர் எழுந்து சட்டையைத் தேடினார்.

"அது வேற சீக்கு, இது வேற சீக்குங்க. அது கூட இருக்க வந்துச்சு, சரி இருந்துட்டுப் போன்னு விட்டேன். இது கொல்ல வந்திருக்கு. அதுக்கு இடம் குடுத்தேன்னு இதுக்கும் குடுக்கணுமா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வேறு வழி தெரியாமல் போய்ச் சொன்னது அடைக்கலத்திடம். மறுநாளே சபை வந்துவிட்டது, மெழுகுவர்த்தியோடு. பேட்ரிசியாவும் உறுப்பினர் என்பதால் ஜெபமாலையுடன் பின்னால் நின்றாள்.

"மனசைத் தேத்திக்க ராணி," என்று அடைக்கலம் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"நான் சாகக் கிடக்கேனாக்கா?"

"அப்படித்தானே சொல்றாங்க."

"சபையில சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சும்மா. முறைகூடப் போட்டாச்சு. மொத முறை நான்தான்."

"உசுரு போறவரைக்கும் தனியா விட மாட்டீங்க?"

"ஒரு நிமிஷம் விட மாட்டோம்."

"நல்லது. நான் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில கிடக்கப்போறேன். பொட்டியக் கட்டுங்க."

அடைக்கலத்தின் கையில் ஜெபமாலை நின்றுவிட்டது. "மெட்ராஸ்லயா? அடியே, நாம பாலக்கரைச் சபை."

"பாலக்கரையிலதான் சாகணும்னு சட்டம் இருக்கா?"

"இது நல்லாச் சாகறதுக்கு உண்டான சபை ராணி. பிழைக்கிறதுக்கு இல்ல."

"செத்தா உங்க கையில சாவேன். பிழைச்சா காப்பி கேப்பேன். ரெண்டுக்கும் நீங்க பழகினவங்கதானே?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடைக்கலம் திரும்பி முறைத்தாள். பிறகு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து, காகிதத்தில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். "இதையும் எடுத்துக்கறேன். ஆஸ்பத்திரியில கொளுத்த விடுவானோ என்னவோ," என்றவள், வாசல் பக்கம் நழுவிய பேட்ரிசியாவைப் பிடித்துக்கொண்டாள். "எங்க போற? ரெண்டாவது முறை உனக்கு."

மெட்ராஸில் இடது மார்பை எடுத்தார்கள். கரண்ட் வைத்தார்கள். புழுக்கத்தில் கால்கள் அடியோடு விழுந்துபோயின. முறைக்கு வந்தவர்கள் ஜெபமாலையை ஒரு கையிலும் ஈரத்துண்டை மறுகையிலும் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, "மாருலதானே ஆபரேஷன்? நடக்கிறதுக்கு என்ன கேடு?" என்று அதட்டியபோது, பேட்ரிசியா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "மல்டிபிள் ஸ்கிலரோசிஸ்," என்றாள், திக்காமல்.

லூர்துராணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சிரித்தால் தையல் வலிக்கும்.

ஊர் திரும்பியபின் அவள் நடக்கவேயில்லை. பிலோமின்ராஜ் நாற்காலியில் சக்கரம் மாட்டிக் கொடுத்தார். கைமெஷின் மட்டும் முன்போலவே ஓடியது. மெழுகுவர்த்தி மறுபடி கொளுத்தப்படாமல் அடைக்கலத்தின் வீட்டில் கிடந்தது.

அறுபத்து நாலில், நத்தர்ஷா பள்ளிவாசல் பக்கத்திலிருந்து ஒருவர் சபையை விசாரித்துக்கொண்டு லூர்துராணி வீட்டுக்கு வந்தார். அவர் தங்கை ஷரபுன்னிசாவுக்கும் மார்பில் கட்டி. மெட்ராஸுக்குக் கூடப் போகப் பெண்துணை இல்லை. சபை ஆள் அனுப்புமா?

அவர் போனபின் அடைக்கலம் தயங்கினாள். "அந்தம்மா நம்ம சபையில இல்லையே ராணி."

"அவங்க வீட்டுலயும் அந்தம்மா சாகக் கிடக்குதுன்னு முடிவு பண்ணிட்டாங்களாம். அது போதாதா?"

அடைக்கலம் பெருமூச்சு விட்டுவிட்டு, யார் யாரை அனுப்பலாம் என்று விரல் மடக்க ஆரம்பித்தாள். லூர்துராணி மெஷின் சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்தினாள்.

"மொத முறைக்கு என் பேரைப் போடுங்க."

"உனக்கே நடக்க முடியாது."

"கட்டில் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டு இருக்கணும். அதுக்குக் காலு எதுக்குக்கா?"