பலகையை ஒளித்த மாஸ்டர்

ஸ்காபரோவில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது மாஸ்டரின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "அன்ரி, அப்பா விடிய மோசம் போயிட்டார்" என்றான். எனக்கு அழுகை வரவில்லை. இனி இரண்டாம் பதிப்பு வராது என்றுதான் நினைத்தேன். அடுத்த கிழமை, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டான். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். கேட்டவன் அவன், எழுதுகிறவள் நான்.

மாஸ்டரை உங்களுக்கு அவருடைய புத்தகத்தால் தெரியும். சந்தையில் ஒரு பலகை போட்டுக் காசு மாற்றத் தொடங்கி, பாப்பரசருக்கே கடன் கொடுத்து, கடைசியில் பிரபுக்கள் ஆகிவிட்ட ஓர் இத்தாலிய வங்கிக் குடும்பத்தின் கதை அது. மாஸ்டருக்கு இத்தாலிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த மொழி தெரிந்தவர் என் கணவர். கொங்கிறீற் வேலையில் அவரைத் தவிர எல்லோரும் இத்தாலியர்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர்களிடம் பேசப் பழகினார். பிறகு பின்னேர வகுப்புக்குப் போய் வாசிக்கவும் பழகினார். அந்தக் குடும்பத்தின் கதையைச் சொன்ன தடித்த பழைய புத்தகம் அவருடைய மேற்பார்வையாளர் கொடுத்தது. சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் அப்பார்ட்மெண்டில் நாலு பனிக்காலம், சனிக்கிழமை தோறும், இவர் அகராதியைப் புரட்டிப் புரட்டித் தமிழில் சொல்ல, மாஸ்டர் எழுதினார். சீமெந்து தின்ற விரல்களில் வெடிப்பு. பக்கம் புரட்டும்போது இரத்தம் கசியும். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

மாஸ்டர் நன்றாக எழுதினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அந்தக் குடும்பம் பிரபுப் பட்டம் வாங்கியதும் பழைய பலகையை எவர் கண்ணிலும் படாமல் மறைத்த இடம் வந்தபோது பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "பெரியாள் ஆனவுடனை மனுசன் முதலிலை ஒளிக்கிறது தான் ஏறி வந்த பலகையைத்தான்" என்றார். இவரும் சேர்ந்து சிரித்தார்.

வெளியீட்டு விழாவுக்கு இவர் புதுச் சேட்டு வாங்கினார். நான் மடிப்புக் கலையாமல் அயர்ன் பண்ணிக் கொடுத்தேன். மேடையில் மாஸ்டருக்கு மூன்று பொன்னாடை. நன்றியுரையில் மண்டபக்காரரின் பெயர், வடை சுட்டவரின் பெயர் எல்லாம் வந்தன. கடைசியில், "இத்தாலிய மொழி தெரிந்த ஒரு நண்பரும் உதவினார்" என்றார். புத்தகத்திலும் அதே வரிதான். நோகாமல் நொங்கு குடித்தவர் என்று அன்றே எனக்கு விளங்கியது.

இவரோ வடையைச் சாப்பிட்டார். நான்தான் மாஸ்டரைப் பிடித்துக் கேட்டேன். "இரண்டாம் பதிப்பிலை போடுவம், தங்கச்சி" என்றார். அதன்பிறகு எங்கே கண்டாலும், கோயிலிலோ கலியாண வீட்டிலோ, நான் வாய் திறக்க முன்னரே அதையே சொல்வார்.

இவர் செத்த வீட்டிலும் மாஸ்டர் பேசினார். "நல்ல உழைப்பாளி" என்றார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகூட அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அன்றைக்கு நான் அவரை மன்னிக்கவில்லை, இன்றைக்கும் இல்லை.

இந்தப் பக்கத்தை மகன் அச்சில் போடுவானோ தெரியாது. போட்டால், தகப்பனைவிட அவன் நேர்மையானவன். மாஸ்டரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மலரின் அட்டையில் பெரிதாகவே இருக்கும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது பலகையைப் பற்றி அவர் சொன்ன அந்த ஒரு வசனத்தை மட்டும். அவர் ஏறி வந்த பலகையின் பெயர் தங்கராசா.