எழுந்து நின்றால் விழும் மச்சான்

போன வாரம் என் தங்கை வசந்தா வீட்டில் சாப்பாடு. சாம்பாரில் ஒரே உப்பு! அவள் கணவர் முனிரத்தினமோ மேலும் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார்.

"எனக்கு அது மருந்து மச்சான். உங்களுக்கு வேற குண்டான்ல வெச்சிகீறா."

ஆந்திர எல்லைப்பக்கம் பாலசமுத்திரத்துக்காரர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதுத் தொழிற்சாலைகள் முளைத்த காலத்தில் அங்கே வேலைக்குப் போனவர். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை. ஐம்பதைத் தாண்டியதும் தொல்லை ஆரம்பித்தது. எழுந்தால் கண் இருட்டும், ஆள் சரிவார். கொஞ்சம் படுத்தால் போதும் — ஒன்றுமே நடக்காத மாதிரி பேசுவார்.

சூப்பர்வைசர் என்ன நினைப்பார்? 'தண்ணி கேஸ்' என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார். ஊரும் அதையே சொன்னது.

"நான் தொட்டதே இல்ல வசந்தா."

"தொடாமயா ரோட்ல உழுந்து கெடந்த? வாய ஊது."

மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். வரவேற்க எழுந்தார்... விழுந்தார். வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

அவரையும் வசந்தாவையும் திருப்பதியில் ஒரு பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனேன். இதுவரை எல்லா டாக்டரும் உட்காரவைத்தே பிரஷர் பார்த்திருந்தார்கள். இவர் படுக்கவைத்துப் பார்த்தார், நிற்கவைத்துப் பார்த்தார். நின்றதும் மளமளவென்று இறங்கியது.

எழும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். அதை மேலே ஏற்றுவது நாம் சொல்லாமலே வேலை செய்யும் நரம்புகள். அவற்றில் ஒரு புரதம் சரியாக மடியாமல் கட்டிகட்டியாகச் சேர்ந்திருக்கிறதாம். நரம்பு மெல்லப் பட்டுப்போகிறது. அபூர்வ நோய். சமாளிக்கலாம், குணமாக்க முடியாது.

முனிரத்தினத்தின் முகமோ மலர்ந்தது!

"அப்போ இது குடி இல்லனு இவளாண்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"தாகுடு காது அம்மா," என்றார் டாக்டர். குடி இல்லையம்மா.

வசந்தா அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குணமாகாத நோயோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்த நோயாளியை அன்றுதான் பார்த்தேன்.

நிறைய உப்பு, நிறையத் தண்ணீர், இறுக்கமான காலுறை, தலைப்பக்கம் உயர்த்திய கட்டில். (பிரஷர்காரர்களே, இது அவருக்கு மட்டும்!) விழுவது வெகுவாகக் குறைந்தது.

பிறகு மாப்பிள்ளை வீட்டுக்கு அவரே போன் போட்டார். "இன்னொரு தபா வாங்க. இந்த வாட்டி உக்காந்துகினே வரவேற்கறேன்."

வந்தார்கள். கதையைக் கேட்டார்கள். காபியும் குடித்தார்கள். தையில் கல்யாணம் முடிந்தது. நாற்காலியில் அமர்ந்தபடியே தாரை வார்த்தார்.

மனிதன் விழுவதற்கு எத்தனையோ காரணம். நமக்கு மட்டும் உடனே பாட்டில்தான் தெரிகிறது!